பழைய பெட்ரோல் உருளைப் புல்வெட்டி: ஓடுகிறது, வெட்டவில்லை

கேள்வி:
லண்டன் பக்கத்து பழைய பொருள் சந்தையில் 40 பவுண்டுக்கு ஒரு சஃபோக் பஞ்ச் புல்வெட்டி வாங்கினேன். வெட்டும் அகலம் 14 அங்குலம். வீட்டில் திட்டுதான். பிளக்கைச் சுத்தம் செய்து, பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோவின் தொடுமுனையில் (பாயிண்ட்) உப்புத்தாளை மெல்ல ஓட்டியதும் பொறி வந்துவிட்டது. நாலாவது இழுப்பில் புகையோடு கிளம்பியது! ஆனால் புல்லை வெட்டாமல் மடக்கிப் படுக்கவைக்கிறது. சாணைக்குக் கொடுக்கவா?

பதில்:
பொறுங்கள் தம்பி. முதலில் பிளக் வயரைக் கழற்றுங்கள், விரல் முக்கியம். சுழலும் பிளேடு உருளைக்கும் அதன் அடியில் அசையாமல் இருக்கும் தகட்டுக்கும் நடுவே செய்தித்தாள் துண்டை வைத்து, உருளையைக் கம்பால் தள்ளிச் சுற்றுங்கள். கத்தரிபோல் நறுக்க வேண்டும். நறுக்காத பக்கத் திருகை மட்டும் கொஞ்சங்கொஞ்சமாக நெருக்குங்கள். உரசி அலறினால் அதிகம். அப்படியும் சரிவராவிட்டால் வால்வு பேஸ்ட் (உலோகத்தைத் தேய்க்கும் நறநறப்பான பசை) தடவி உருளையைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். என் பழைய அட்கோ புல்வெட்டிக்கு அரை மணி நேரம் பிடித்தது. அப்புறம் பேஸ்டை முழுக்கத் துடைத்துவிடுங்கள். நான் ஒருமுறை மறந்து, பிளேடைத் தேய்த்துத் தொலைத்தேன்.

இன்னொரு பதில்:
பெட்ரோலையும் கவனியுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயைக் கெடுக்கும். எத்தனால் குறைவான இ5 போடுங்கள். குளிர்காலத்துக்கு முன் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

கேட்டவர்:
இடது பக்கம்தான் தளர்ந்திருந்தது. இப்போது தாள் நறுக்குகிறது, புல்தரையில் அழகாகப் பட்டைக் கோடும் விழுகிறது. திட்டு மட்டும் நிற்கவில்லை, இப்போது சத்தத்துக்காக.