தென்னைக்கு மூன்று உச்சரிப்பு: இலத்தீன் வகுப்பை எதில் தொடங்குவது?

துணுக்காய் மிஸ்:

துணுக்காய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். இந்தத் தவணையில் இருந்து, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், தரம் 12 பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இலத்தீன் வாசிக்கப் பழக்குகிறேன். பாடத்திட்டத்தில் இல்லாத வேலைதான். விஞ்ஞானப் பெயர்களைப் பிள்ளைகள் தொலைபேசி இலக்கம் மாதிரிப் பாடமாக்கிவிட்டு, சோதனை முடிந்த கையோடு மறந்துவிடுகிறார்கள். வாசிக்கத் தெரிந்தால் மனதில் நிற்கும் என்பது என் எண்ணம். அதிபர் "இது சோதனைக்கு வருமோ?" என்று ஒரு கேள்வி கேட்டார், பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

முதல் வகுப்பிலேயே மாட்டிக்கொண்டேன். தென்னையின் பெயரை (Cocos nucifera) ஆங்கில எழுத்தில் பலகையில் எழுதி, வாசியுங்கோ என்றேன். கோவில் பாடகர் குழுவில் பாடுகிற பிள்ளை "கோகோஸ் நுச்சிஃபெரா" என்றாள். கிளிநொச்சிக்கு ரியூசனுக்குப் போகிற பெடியன் "நியூசிஃபெரா" என்றான். பின்வாங்கில் இருக்கிற ஒருத்தன் எழும்பி, "மிஸ், உரோமர் காலத்தில் அந்த c எழுத்துக்கு எப்பவும் க சத்தம்தான், நுகிஃபெரா" என்றான். அவன் யூரியூப் பார்த்துப் பழகினவன். மூன்று பேரும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். நெல்லுக்கும் இதே கதைதான்: ஒருத்தருக்கு ஒரைசா சட்டைவா, இன்னொருத்தருக்கு ஒரிசா சதீவா.

இரண்டு கேள்வி. எந்த உச்சரிப்பில் தொடங்குவது? பலகையில் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டலாமா? தமிழில் எழுதினால் பிள்ளைகளின் உச்சரிப்பு பழுதாகும் என்று எங்கள் ஆங்கில ஆசிரியர் சொல்கிறார்.

கட்டுக்கரையான்:

ரீச்சர், மூன்று பேருக்கும் சரி போடுங்கோ.

பாடகர் குழுப் பிள்ளை சொன்னது திருச்சபை உச்சரிப்பு, இத்தாலியர் வாய்வழி வந்தது. பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1912இல் பிரான்சின் பூர்ஜ் நகரப் பேராயருக்கு எழுதிய கடிதத்தில் அந்த உரோமை முறையை ஆதரித்தார். பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. ரியூசன் தம்பி சொன்னது இங்கிலாந்தில் ஆங்கில வாய்க்கு ஏற்றபடி மாறிப்போன பழைய முறை. பின்வாங்குத் தம்பி சொன்னது பழைய உரோமப் பேச்சாளர் சிசெரோ காலத்துப் பேச்சை அறிஞர்கள் சான்று தேடி மீட்டெடுத்தது. கிரேக்கர்கள் அந்த மனிதரின் பெயரைத் தங்கள் எழுத்தில் 'கிகெரோன்' என்று ககரம் போட்டுத்தான் எழுதினார்கள். அதுவும் அந்தச் சான்றுகளில் ஒன்று. ஒல்லாந்து அறிஞர் எராஸ்முஸ் 1528இலேயே இந்த விஷயத்துக்கென்று ஒரு நூல் எழுதிவிட்டார். ஆகவே இது உங்கள் வகுப்பில் தொடங்கின சண்டை இல்லை.

ஆனால் உங்கள் பிள்ளைகள் மூன்று பேரையும் திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கோ. மூவரும் அழுத்துவது ஒரே இடத்தை. நு-கி-ஃபெ-ர என்றால் 'கி'யில். மற்றவர்களுக்கு அதே இடத்தில் 'ச்சி', 'சி'. சத்தம்தான் மூன்று, அழுத்தம் ஒன்று. நான் உங்கள் இடத்தில் இருந்தால் க-வா ச-வா என்பதை ஒரு மாதத்துக்குத் தொடவே மாட்டேன். அழுத்தத்தில் தொடங்குவேன்.

அந்த விதிக்கு எங்கள் பிள்ளைகளிடம் ஏற்கெனவே ஆயுதம் இருக்கிறது: குறில், நெடில், ஒற்று. இரண்டு அசைச் சொல் என்றால் முதல் அசையில் அழுத்தம். மூன்றோ அதற்கு மேலோ என்றால் கடைசிக்கு முந்தின அசையைப் பாருங்கோ. அது நெடிலாக இருந்தாலோ, குறிலுக்குப் பின் ஒற்று நின்றாலோ அழுத்தம் அங்கே. வெறும் குறில் என்றால் அதற்கும் முந்தின அசைக்குப் போகும். அவ்வளவுதான். உங்கள் முற்றத்து வேம்பிலேயே இரண்டையும் காட்டலாம். அஸதிரக்த: 'ரக்' ஒற்றோடு நிற்கிறது, அங்கே அழுத்துங்கோ. இந்திக: நடுவில் உள்ள 'தி' வெறும் குறில், ஆகவே அழுத்தம் 'இந்' மேல். நெல்லின் ஸதீவவுக்கு 'தீ' நெடில். பனைக்குப் பொரஸ்ஸுஸ் ஃப்லபெல்லிஃபெர், அழுத்தம் 'ரஸ்'ஸிலும் 'பெல்'லிலும். யாப்பில் படிக்கிற நேர், நிரையை மட்டும் இதற்குள் கொண்டுவராதேங்கோ. நாங்கள் இரண்டு குறிலைச் சேர்த்து ஓர் அசை ஆக்குவோம், இலத்தீன்காரன் ஆக்க மாட்டான்.

மாத்திரைக் கணக்குக்கூடப் பொருந்துகிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று நன்னூல் படித்த எவரும் சொல்வார்கள். முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் பேச்சுக்கலை படிப்பித்த குயின்டிலியன், நெடிலுக்கு இரண்டு காலம், குறிலுக்கு ஒரு காலம் என்பது பொடியன்களுக்கே தெரியும் என்று எழுதிவைத்திருக்கிறார். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்த ஒரு தவணை வேண்டும். எங்கள் பிள்ளை அரிவரியிலேயே அ, ஆ சொல்லிவிட்டு வருகிறது. இலத்தீனின் தனி உயிர்களான அ, இ, உ, எ, ஒ ஐந்துக்கும் குறிலும் நெடிலும் உண்டு. எங்கள் நெடுங்கணக்கில் ஐ, ஔ போக மிஞ்சுகிற பத்தும் அவைதான். இரட்டை மெய்யும் அப்படியே. அன்னுஸ் என்றால் ஆண்டு. அனுஸ் என்றால் கிழவி. ஆனுஸ் என்றால் உங்கள் புத்தகத்தில் சமிபாட்டுத் தொகுதி முடிகிற இடம். இந்த மூன்றையும் ஒருநாள் பலகையில் எழுதுங்கோ. வகுப்பு சிரித்து முடிய ஐந்து நிமிடம் போகும், ஆனால் ஆயுளுக்கும் மறக்காது.

அதனால் தமிழ் எழுத்தில் எழுதலாமா என்றால், தாராளமாக எழுதுங்கோ. உங்கள் ஆங்கில ஆசிரியர் பயப்படுவது தலைகீழ் பயம். ஆங்கில எழுத்தில் சும்மா எழுதினால் நெடில் எது என்று தெரியாது, பாடப் புத்தகங்களில் அதற்கென்று மேலே கோடு போடுவார்கள். போதாக்குறைக்கு ஆங்கில எழுத்தைக் கண்டவுடன் பிள்ளையின் நாக்கு 'ட'வுக்கு மடியும். சட்டைவா அப்படி வந்ததுதான். இலத்தீன் தகரம் பல்லில் படுகிற எங்கள் தகரம்.

தமிழ் எழுத்துக்குக் குறை இல்லாமல் இல்லை. பொரஸ்ஸுஸின் பகரத்தைப் பிள்ளை 'பல்' என்கிற மாதிரிச் சொல்லும். அது 'கோபம்' என்பதில் வருகிற பகரம். ஸதீவவில் தகரம் 'தம்பி'யின் தகரம், ஆனால் நடுவில் நிற்பதால் பிள்ளை அதை 'பதில்' மாதிரி இளக்கிவிடும். அதற்கு ஒரு சிவப்புச் சோக் போதும். மென்மையாக ஒலிக்க வேண்டிய க, த, ப வின் கீழே சிவப்புக் கோடு. கோடு இல்லாதது சொல்லின் எந்த இடத்தில் வந்தாலும் வன்மை.

எங்கள் வாய்க்கே உரிய இரண்டு பழக்கம் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் காவல் காக்க வேண்டும். நான் சின்ன வயதில் பூசை உதவி செய்தவன், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முந்தின, பூசை இலத்தீனில் நடந்த காலம். குருவானவர் வாழ்த்தினால் நாங்கள் "எத் கும் ஸ்பிரிதூ தூவோ" என்று பதில் சொல்ல வேண்டும். பீடத்துப் பொடியன் அத்தனை பேரும் சொன்னது "எத்து கும் இஸ்பிரித்து துவோ". வல்லெழுத்தில் முடிந்தால் ஓர் உகரத்தை ஒட்டுவோம், ஸ்-இல் தொடங்கினால் முன்னுக்கு ஓர் இகரத்தை வைப்போம். இகரத்துக்காவது மன்னிப்பு உண்டு, பிற்கால உரோமரே கல்வெட்டுகளில் அப்படி வெட்டியிருக்கிறார்கள். உகரத்தை விடாதேங்கோ. 'அமத்' (நேசிக்கிறான்) என்பதை 'அமத்து' என்று சொன்னால் ஓர் அசை கூடி, அழுத்த விதியே குழம்பிவிடும்.

வவுனிக்குளம் டோர்ட்முண்ட்:

கட்டுக்கரை ஐயா சொன்னதோடு ஒரு சின்னத் திருத்தம், என் மகள் தந்தது. இங்கே ஜேர்மனியில் ஜிம்நாசியம் என்கிற உயர்நிலைப் பள்ளியில் இலத்தீன் எடுத்துப் படிக்கிறாள்.

குறிலுக்குப் பின் இரண்டு மெய் வந்தாலும், அவை ப்ர், த்ர், க்ல் மாதிரிக் கூட்டாக இருந்தால் பேச்சில் ஒற்றாக எண்ணுவதில்லையாம். ரீச்சருக்கு இது கட்டாயம் தேவைப்படும், ஏனென்றால் பெருமூளையும் முள்ளென்பும் அதில்தான் வருகின்றன: கெ-ரெ-ப்ரும், வெர்-தெ-ப்ர. இரண்டிலும் நடு அசை வெறும் குறிலாகவே கணக்கு, அழுத்தம் முதல் அசையில். ஐயாவின் விதியை அப்படியே பிடித்தால் பிள்ளைகள் 'தெப்'பில் அழுத்துவார்கள்.

மற்றது, இங்கேயும் இதே மூன்று கட்சிச் சண்டை இருந்ததுதான். ஜேர்மன்காரரின் பழைய முறையில் சிசெரோ 'ட்சிட்சேரோ'. மகளின் வகுப்பில் 'கிகெரோ'. ஆசிரியை முதல் நாளே "இந்த வகுப்பில் இப்படி" என்று ஒன்றைச் சொல்லிவிட்டாராம், அதோடு சரி. வகரத்துக்கும் கவலைப்படாதேங்கோ. பழைய உரோமருக்கு அது உதடு குவித்த சத்தம், திருச்சபைக்குப் பல் உதட்டில் படுகிற சத்தம். எங்கள் வகரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அறிவியல்நகர்ப் பெடியன்:

மிஸ், நான் விவசாய பீடம். முதலில் நடைமுறை விஷயம்: செய்முறையில் எங்களிடம் யாரும் உச்சரிப்புக்குப் புள்ளி குறைத்ததில்லை. எழுத்துப் பிழைக்கும், பேரினத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதாததற்கும், கையால் எழுதும்போது இரண்டு சொல்லுக்கும் தனித்தனியே அடிக்கோடு போடாததற்கும்தான் குறைப்பார்கள். தாவரப் பெயர்களுக்கான சர்வதேச விதிக்கோவையும், பெயர் எந்த மொழியில் இருந்து வந்தாலும் இலத்தீனாகவே நடத்த வேண்டும் என்கிறது, எப்படி ஒலிக்க வேண்டும் என்று கட்டளை போடவில்லை. அதனால் தமிழில் எழுதிப் பழக்கினாலும், பக்கத்தில் ஆங்கில எழுத்திலும் கட்டாயம் எழுத வையுங்கோ. பரீட்சைத் தாளில் அதுதான் வேண்டும். பிள்ளைகள் ஒற்றை எஸ் போட்டுவிட்டு வருவது பனையில்தான். ஐயா சொன்ன மாதிரி 'ரஸ்ஸுஸ்' என்று இரண்டு ஸகரத்தையும் அழுத்தி வாசித்தால் எழுத்தும் பிழைக்காது.

எனக்கும் ஒரு சந்தேகம். முதிரை மரத்துக்குக் க்ளோரோக்சிலோன் ஸ்வீட்டேனியா என்று பெயர். இரண்டாவது சொல் ஓர் ஆளின் பெயரில் இருந்து வந்தது என்று படித்தேன். அதற்கும் இந்தக் குறில் நெடில் கணக்குத்தானா?

துணுக்காய் மிஸ்:

ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய நன்றி. சிவப்புச் சோக் யோசனையை நேற்று என் வீட்டுப் பிள்ளையிலேயே பார்த்தேன். தரம் 7 படிக்கிறாள், கோடு போட்ட எழுத்தை மென்மையாக, போடாததை வன்மையாக உடனே பிடித்துவிட்டாள். ஆனால் அமத் என்பதை அவளும் அமத்து என்றுதான் சொல்கிறாள். வாயை மூடாமல் நாக்கைப் பல்லிலேயே வைத்துக்கொண்டு நில் என்றேன், அப்போது வந்தது.

அடுத்த வெள்ளிக்கு வேம்பு, நெல், பனை, வெர்தெப்ர. வகுப்புக்கு நான் தெரிவது பின்வாங்குப் பெடியனின் ககரம். காரணம் ஒன்றுதான்: ஓர் எழுத்துக்கு ஒரு சத்தம் என்றால் புதிதாய்ப் படிக்கிற பிள்ளைக்கு நினைவில் வைக்கச் சுகம். பாடகர் குழுப் பிள்ளை கோவிலில் தன் பாட்டில் பாடட்டும், அதைத் திருத்தப் போவதில்லை. ஐயா, பெடியன் கேட்ட முதிரைக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ, அது எங்கள் வகுப்பிலும் வரும்.

கட்டுக்கரையான்:

டோர்ட்முண்ட் மகளின் திருத்தம் மிகச் சரி, அதை அப்படியே எடுங்கோ.

முதிரை விஷயம். ஃபான் ஸ்வீத்தன் என்ற ஒல்லாந்து வைத்தியரின் பெயர் அது. ஆள் பெயரில் பிறந்த சொல்லுக்கு அந்த ஆளின் பெயர் ஒலிக்கிற மாதிரியே முன்பாதியை வைத்துக்கொள்வது பலரின் வழக்கம், வாலில் மட்டும் இலத்தீன். ஸ்வீத்தேனிய என்று சொல்லி 'தே'யில் அழுத்தினால் போதும், கடைசிக்கு முந்தின 'னி' வெறும் குறில்தானே. முதலில் இகரம் ஒட்டி 'இஸ்வீ' என்று சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கோ. முதிரையை மூன்றாம், நான்காம் வகுப்புக்குத் தள்ளி வையுங்கோ ரீச்சர். இரண்டு சொல்லிலும் தொடக்கத்திலேயே கூட்டு மெய், பிள்ளைகள் களைத்துப்போவார்கள்.