200 லிட்டர் பவளத் தொட்டி: நைட்ரேட் இறங்கவே மாட்டேன் என்கிறது. கேனிஸ்டரை எடுத்துவிட்டு ஸ்கிம்மர் போடலாமா?

நீலத்தொட்டி:
வணக்கம் நண்பர்களே. தொட்டி 90 × 45 × 50 செ.மீ. ஓட்டை போடாத கண்ணாடி, கீழே சம்ப் (ஃபில்டர் சாமான்கள் வைக்கும் இரண்டாவது தொட்டி) இல்லை. ஒரு கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) ஓடுகிறது. உள்ளே ஸ்பாஞ்ச், பஞ்சு, செராமிக் வளையம். இரண்டு வேவ்மேக்கர் (அலை உண்டாக்கும் பம்ப்), 20 கிலோ அளவுக்கு லைவ் ராக் (நல்ல பாக்டீரியா வாழும் பாறை). ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு கோபி. பவளத்தில் ஜோவாந்தஸ், மஷ்ரூம், ஒரு லெதர்.

அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். ஆனால் நைட்ரேட் 40 பிபிஎம், பாஸ்பேட் 0.25. பாறையெல்லாம் பச்சை முடிப்பாசி. லெதர் முக்கால்வாசி நேரம் சுருங்கியே நிற்கிறது. தண்ணீர் மாற்றினால் கொஞ்சம் தெளிகிறது, அப்புறம் பழையபடி ஆகிவிடுகிறது. பெரிய கேனிஸ்டர், ஸ்கிம்மர், யு.வி. (புற ஊதா விளக்கு) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்கினால் இது சரியாகும்?

அலைவாசி:
வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக எதை ஊற்றுகிறீர்கள், அதன் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் பொருட்களின் அளவு) எவ்வளவு? கேனிஸ்டரை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுகிறீர்கள்? தொட்டிக்குப் பின்னால் சுவர்வரை எவ்வளவு இடம் இருக்கிறது?

நீலத்தொட்டி:
சாதாரண ஆர்.ஓ. தண்ணீர்தான், டி.டி.எஸ். 40 காட்டுகிறது. கழுவுவது மாதம் ஒருமுறை. பின்னால் ஒரு சாண் இடம் இருக்கிறது.

அலைவாசி:
அப்படியானால் கோளாறு கேனிஸ்டரின் அளவில் இல்லை. அது அழுக்கைப் பிடித்து வைக்கிறது, ஆனால் தொட்டியிலிருந்து வெளியே எடுப்பதில்லை. பஞ்சில் சிக்கிய தீனியும் மீன் கழிவும் அங்கேயே அழுகுகின்றன. பாக்டீரியா அதை அம்மோனியா, நைட்ரைட் என்று படிப்படியாக மாற்றி நைட்ரேட்டில் கொண்டுவந்து விடுகிறது. அந்த வேலையை உங்கள் தொட்டி ஒழுங்காகச் செய்கிறது, முதல் இரண்டும் பூஜ்யமாக இருப்பதே சாட்சி. நைட்ரேட்டுக்குப் பிறகுதான் வழி அடைபட்டிருக்கிறது. பெரிய கேனிஸ்டர் வாங்கினால் அழுக்குத் தேங்க இன்னும் பெரிய இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஸ்கிம்மர் இதற்கு நேர்மாறு. பொடிக் குமிழிகளைத் தண்ணீருக்குள் விட்டால், கரைந்திருக்கும் கரிமப் பொருட்கள் குமிழியின் மேல்பரப்பில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறி, ஸ்கிம்மரின் உச்சியில் உள்ள கப்பில் விழுந்துவிடும். அழுகி அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே வெளியே போகிறது. உப்புத் தண்ணீரில் குமிழி பொடியாக நிற்பதால்தான் இது நடக்கிறது; நன்னீர்த் தொட்டியில் இந்த அளவுக்கு வேலை செய்யாது. ஓயாமல் காற்றைக் கலப்பதால் ஆக்சிஜனும் கூடும்.

ஆக, உங்கள் தொட்டிக்கு என் யோசனை, பின்னால் தொங்கவிடும் ஸ்கிம்மர். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் மீன் குறைவாக உள்ள தொட்டிக்கானது. அதனால் 300, 400 லிட்டர் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். அதற்காக ஒரேயடியாகப் பெரிதாகவும் போகாதீர்கள். நுரை கட்டும் அளவுக்குக் கழிவு இல்லாவிட்டால் கப்பில் எதுவும் சேராது.

பவளத்திட்டு:
அலைவாசி அண்ணா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் சம்பை இப்படி ஒதுக்கிவிட வேண்டாமே. மொத்தத் தண்ணீர் கூடும், ஹீட்டரையும் ஸ்கிம்மரையும் கண்ணில் படாமல் வைக்கலாம், ஓர் ஓரத்தில் கீட்டோ (நூல் கற்றை போன்ற கடற்பாசி) வளர்த்து அறுத்து எடுத்தால் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் அதோடு வெளியே போகும். தொட்டியில் விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில் கீட்டோவுக்கு வெளிச்சம் கொடுத்தால் இரவில் பி.எச். இறங்குவதும் குறையும்.

அலைவாசி:
ஓட்டை போட்ட தொட்டி என்றால் நானும் சம்ப்தான் சொல்லியிருப்பேன், தம்பி. இவரிடம் இருப்பது முழுக் கண்ணாடி. தண்ணீரைச் சம்புக்கு இறக்க விளிம்பில் தொங்கவிடும் ஓவர்ஃப்ளோ பெட்டி, சைஃபனை நம்பி ஓடுவது. குழாயில் காற்று சேர்ந்து சைஃபன் அறுந்தால், கீழே இருக்கும் பம்ப் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்கும், தரையெல்லாம் உப்புத் தண்ணீர். மின்சாரம் போய் வரும்போதுதான் இது அதிகம் நடக்கிறது. மீன் வாழும் தொட்டியில் ஓட்டை போடவும் முடியாது. டெம்பர்டு கண்ணாடியாக இருந்தால் துளை பட்டதுமே நொறுங்கிவிடும். அடுத்த தொட்டிக்கு அவசியம் சம்ப் வைக்கட்டும்.

நீலத்தொட்டி:
சரி, தொங்கும் ஸ்கிம்மரே வாங்குகிறேன். கேனிஸ்டரைக் கழற்றிவிடலாமா? யு.வி. வேண்டாமா?

அலைவாசி:
யு.வி. தண்ணீரில் மிதந்து அதன் வழியாகப் போகும் உயிர்களை மட்டும் கொல்லும். பாறையில் வேர்விட்டதுபோல் நிற்கும் முடிப்பாசியை ஒன்றும் செய்யாது, நைட்ரேட்டையும் தொடாது. இப்போதைக்கு வேண்டாம்.

கேனிஸ்டரை ஒரே நாளில் காலி செய்யாதீர்கள். முதலில் செராமிக் வளையத்தை வாரம் கொஞ்சமாக எடுங்கள், அம்மோனியாவைச் சோதித்துக்கொண்டே இருங்கள். 20 கிலோ பாறை இந்த மீன்களுக்குத் தாங்கும். கடைசியில் பஞ்சும் ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பனும் மட்டும் இருக்கட்டும். பஞ்சை 3 நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், இதில் சோம்பலே கூடாது. இன்னொன்று, மின்சாரம் பல மணி நேரம் நின்றால் கேனிஸ்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீர் கெட்டுவிடும். திரும்ப ஓடவிடுவதற்கு முன் திறந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

பவளத்திட்டு:
அந்த 40 டி.டி.எஸ். தண்ணீரையும் விட்டுவிடக் கூடாது. ஆர்.ஓ.வுக்குப் பின்னால் டி.ஐ. ரெசின் (மிச்ச உப்புகளைப் பிடிக்கும் மணிகள்) சேர்த்து பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த 40-க்குள் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், அதில் இருந்தது எல்லாம் தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். எந்த ஃபில்டர் வாங்கினாலும் பாசிக்கு உரம் ஊற்றிக்கொண்டே இருந்ததாகிவிடும்.

தண்ணீர் மாற்றுவதன் கணக்கையும் பாருங்கள். 20 சதவீதம் மாற்றினால் 40 என்பது 32 ஆகும், அடுத்ததில் 25.6, மூன்றாவதில் 20.5. இதற்கிடையில் புதிதாக நைட்ரேட் சேராமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. அதனால் ஸ்கிம்மர் ஓட ஆரம்பித்த பிறகு வாரம் ஒருமுறை மாற்றுங்கள், அப்போதுதான் இறங்குவது தெரியும். பாஸ்பேட் மெதுவாகத்தான் குறையும், பாறை உறிஞ்சி வைத்திருப்பதை விட்டுக்கொண்டே இருக்கும். ஜி.எஃப்.ஓ. (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகள்) போடுவதானால் கொஞ்சமாகத் தொடங்குங்கள், சட்டென்று இறக்கினால் பவளம் தாங்காது. நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.05 வாக்கில் நின்றால் போதும். இரண்டையும் பூஜ்யத்துக்கு விரட்டினால் டைனோ (பழுப்பாகப் பிசுபிசுக்கும் நுண்ணுயிர்) வந்து உட்காரும், முடிப்பாசியே தேவலை என்று ஆகிவிடும்.

நீலத்தொட்டி:
ஸ்கிம்மர் மாட்டியாகிவிட்டது. டி.ஐ. ரெசினும் போட்டாயிற்று, டி.டி.எஸ். பூஜ்யம். ஆனால் ஸ்கிம்மரில் நுரையே கட்டவில்லை. கப்பில் வெறும் தண்ணீர் வந்து நிரம்புகிறது, தொட்டிக்குள்ளும் பொடிக் குமிழி. வாங்கியது பழுதோ?

அலைவாசி:
பழுதில்லை. புது ஸ்கிம்மரின் உள்சுவரில் தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை இருக்கும். அது போய் உள்ளே மெல்லிய படலம் படியும்வரை, ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம், இப்படித்தான் செய்யும். அதுவரை நுரை கழுத்தின் (கப்புக்கு ஏறும் குழாய்) அடியிலேயே நிற்கும்படி வால்வைத் திறந்து உள்நீர்மட்டத்தை இறக்கி வையுங்கள், தினமும் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். பாறை ஒட்டும் எபாக்சியோ மருந்தோ இந்த நேரத்தில் போட்டால் கப் பொங்கி வழியும். நுரை பழுப்பாகக் கெட்டிப்பட்டதும் மட்டத்தை மெல்ல ஏற்றுங்கள். கப்பில் வெளிர் தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் அதிகமாகப் போகிறது. கரும்பழுப்பாக, நாற்றமடித்தால் சரியாக ஓடுகிறது. கழுத்தில் படியும் பிசுக்கை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் நுரை மேலேற வழியில்லாமல் அங்கேயே உடைந்துவிடும்.