புதுப்பிப்பு: மிதக்கும் வேக்போர்டு ராம்ப், முன்விளிம்பு பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வேக்போர்டு (கயிற்றால் இழுக்கப்பட்டு தண்ணீர்மேல் நின்று சறுக்கும் பலகை) ஏறிப் பாய, பண்ணைக் குளத்தில் டிரம்கள்மேல் மிதக்கவிட்ட ராம்ப்பின், அதாவது சாய்தளத்தின், முன்விளிம்பு தண்ணீருக்கு மேலே நிற்கிறது, போர்டு முட்டுகிறது என்று கேட்டிருந்தேன்.

மணல் மூட்டை கட்டிப் பார்த்தோம், அலையில் நகர்ந்துவிடுகிறது. பலன் தந்தது முன்பக்க டிரம்களில் தண்ணீர் நிரப்பும் யோசனைதான். 200 லிட்டர் காலி டிரம் கிட்டத்தட்ட 190 கிலோவைத் தாங்கும். உள்ளே விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு கிலோ குறையும். விளிம்பு ஒரு சாண் அமுங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, மூடியில் டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கினோம். பின் டிரம்கள் காலியாகவே இருக்கட்டும். இப்போது போர்டு வழுக்கிக்கொண்டு ஏறுகிறது, அவ்வளவு சுகம்!

எதிர்பாராதது வெயில். ராம்ப்பின் மேலே அடித்த எச்.டி.பி.இ. (கெட்டியான ஒருவகை பிளாஸ்டிக்) ஷீட் மதியத்தில் உப்பி எழுந்தது. 2.4 மீட்டர் ஷீட் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1 செ.மீ. நீளும். நடுத் திருகுகளை மட்டும் இறுக்கி, மற்ற துளைகளை நீளவாக்கில் அகட்டினோம். திருகுத் தலை ஷீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் போர்டையும் காலையும் கிழிக்கும்.

நங்கூரக் கயிறு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. ராம்ப் திரும்பவே இல்லை.