அப்டேட்: வாரண்ட் இல்லாம நடந்த சோதனை, இப்ப கோர்ட்ல மனு

போன த்ரெட்ல சொன்னேன்ல, நண்பன் வீட்டுக்குள்ள போலீஸ் வாரண்ட் இல்லாம வந்து பீரோவெல்லாம் கலைச்சுப் போட்டு அவன் போனையும் எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு, அதுல இப்ப கொஞ்சம் நகர்ந்திருக்கு.

வக்கீல் முதல்ல மகஜர் காப்பியத்தான் (எடுத்துட்டுப் போன பொருளயெல்லாம் சாட்சியோட எழுதி வைக்கிற பட்டியல்) பாத்தார். "செல்போன் 1", அவ்வளவுதான். ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்குற ஐஎம்இஐ நம்பர் இல்ல, என்ன கலர்னு கூட இல்ல. சாட்சிக் கையெழுத்து போட்ட ரெண்டு பேரையும் தெருவுல யாருக்குமே தெரியல.

வாரண்ட் இல்லாம தேடலாமான்னு நிறைய பேர் கேட்டீங்க. அவசரம்னா தேடலாம், பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்குப் பதிலா வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 185 இடம் கொடுக்குது, ஆனா காரணத்த எழுதி வைக்கணும், அந்த நகல் 48 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட்டுக்குப் போகணும், வீட்டுக்காரங்க மனு போட்டா ஒரு காப்பி இலவசமா தரணும். அதே சட்டத்துல பிரிவு 105 படி சோதனைய வீடியோவும் எடுத்திருக்கணும். அந்தக் காப்பி, வீடியோ ரெண்டையும் கேட்டு மனு போட்டாச்சு.

எனக்கு வயிறு எரியுறது எங்கன்னா, 2017ல புட்டசாமி வழக்குல சுப்ரீம் கோர்ட்டோட 9 ஜட்ஜும் ஒருமனதா அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க, ஆனா முறைகேடா தேடி எடுத்த ஆதாரத்தையும் ஏத்துக்கலாம்னு 1973ல அதே கோர்ட் பூரன் மல் வழக்குல சொன்னத வச்சுத்தான் போலீஸ் தரப்புல இன்னும் வாதாடுறாங்க. அப்ப ரூல்ஸ மீறினா அவங்களுக்கு என்ன நஷ்டம்? அந்தப் போன்ல அவன் வீட்டம்மா மெடிக்கல் ரிப்போர்ட்டெல்லாம் இருக்குங்க, அவங்களுக்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம்.

பாஸ்வேர்டு இன்னும் கொடுக்கல, தனக்கு எதிரா தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுங்கிற அரசியலமைப்புச் சட்டப் பிரிவு 20(3)ஐக் காட்டி வக்கீல் எழுதிக் கொடுத்திருக்கார். வீடியோ தர்றாங்களா, இல்லவே இல்லங்கிறாங்களான்னு தெரிஞ்சதும் இங்கயே போடுறேன்.