எம்ஏ டெவலப்மென்ட் படிப்புக்கு எஜுகேஷன் லோன் தர மாட்டேங்கறாங்க, என்ன பண்றது?

தகடூர்ப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். தர்மபுரி பக்கம் கிராமம், பிஏ எகனாமிக்ஸ் முடிச்சிருக்கேன். சியூஇடி பிஜிங்கற எம்ஏ நுழைவுத் தேர்வு எழுதி டாடா இன்ஸ்டிடியூட் ஆஃப் சோஷியல் சயின்சஸோட துல்ஜாப்பூர் (மகாராஷ்டிரா) கேம்பஸ்ல டெவலப்மென்ட் பாலிசி, பிளானிங் அண்ட் பிராக்டிஸ் எம்ஏவுக்கு சீட் வந்திருக்கு. ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ், லேப்டாப் எல்லாம் சேர்த்து கணக்கு போட்டா நாலு லட்சத்துக்குள்ள தான் வருது. அதைக்கூட கையில இருந்து கட்ட முடியாது, அப்பா ராகி போடறாரு, அம்மா குழுவுல வாங்கின கடன் இன்னும் ஓடுது. எங்க கணக்கு இருக்கற பேங்க்ல போய் கேட்டா மேனேஜர், எம்ஏ எல்லாம் புரொபஷனல் கோர்ஸ் இல்லம்மா, இன்ஜினியரிங் நர்சிங்னா தரலாம், இதுக்கு வேணும்னா நிலப் பத்திரம் கொண்டா அப்டின்னு சொல்லிட்டாரு. பெரியப்பா பேசாம பிஎட் சேருன்னு சொல்றாரு.

எனக்கு இந்தப் படிப்பு தான் வேணும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல வந்துச்சு, அதுக்கப்புறமும் எங்க பக்கம் போர் தண்ணிய குடிக்கற வீடு இருக்கு, ஃபுளோரைடால பல்லு கறை புடிச்ச பசங்க இருக்காங்க. இவ்ளோ பெரிய திட்டம் வந்தும் கடைசி வீடு வரைக்கும் ஏன் போகலன்னு யாராவது உக்காந்து பாக்கணும்ல. ஃபீஸ் கட்ட தேதி நெருங்குது, லோனுக்கு வழி இருக்கா? இந்தப் படிப்புக்கு கடன் வாங்கறது சரியா?

ரிட்டயர்ட் பேங்க்காரர்:
அம்மா, பத்திரம் எல்லாம் எடுத்துட்டு போகாத. நாலு லட்சம் வரைக்கும் சொத்து அடமானமும் கிடையாது, வெளியாள் ஜாமீனும் கிடையாது, அப்பாவோ அம்மாவோ கூட கையெழுத்து போட்டா போதும், மார்ஜின் பணமும் (செலவுல நம்ம கையில இருந்து போடற பங்கு) கேக்கக் கூடாது. பேங்க்குகள் சங்கத்தோட மாதிரி கல்விக் கடன் திட்டமே அப்டி தான் சொல்லுது. அதுல அங்கீகாரம் பெற்ற யுனிவர்சிட்டியோட பட்டமேற்படிப்பு எல்லாமே வரும்.

உங்க மேனேஜர் எங்க குழம்பறாருன்னா, மத்திய அரசோட வட்டி மானியம்னு ஒன்னு இருக்கு, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள்ள இருந்தா படிக்கற காலத்து வட்டிய அரசு கட்டும், அது தான் புரொபஷனல், டெக்னிக்கல் படிப்புக்குன்னு இருக்கு. அந்த மானியம் கிடைக்காதுங்கறது வேற, கடனே கிடையாதுங்கறது வேற. சர்வீஸ்ல இருந்தப்ப இந்த ரெண்டையும் ஒன்னா போட்டுக்கிட்டு பசங்கள திருப்பி அனுப்பினத நிறைய பாத்திருக்கேன், மனசு ஆறல எனக்கு.

2024 நவம்பர்ல பிஎம் வித்யாலட்சுமின்னு புதுசா அறிவிச்சாங்க, அதுல இருக்கற கல்வி நிறுவனங்களுக்கு அடமானமும் இல்ல ஜாமீனும் இல்ல, வருமானம் எட்டு லட்சத்துக்குள்ள இருந்தா பத்து லட்சம் வரைக்குமான கடனுக்கு 3 சதவீதம் வட்டிச் சலுகை. சலுகைக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் பேர்தான், அரசு நிறுவனத்துல டெக்னிக்கல் படிக்கறவங்களுக்கு முன்னுரிமை, அதனால சலுகைய நம்பி உக்காராத, கடனுக்கு அந்த போர்ட்டல்லயே போடு. போர்ட்டல்ல போட்டா நம்பர் வரும், வாயால முடியாதுன்னு சொல்லி அனுப்ப முடியாது. அப்பவும் மறுத்தா காரணத்த எழுதிக் கேளு, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடு, மாவட்டத்து பேங்க்குகள ஒருங்கிணைக்கற முன்னோடி வங்கி மேலாளர் அங்கயே இருப்பாரு.

சோலாப்பூர் பஸ்:
தங்கச்சி நான் அதே கேம்பஸ்ல படிச்சவன், படிப்பு பத்தி மட்டும் சொல்றேன். துல்ஜாப்பூர் மராத்வாடா, மழை பொய்க்கற ஊரு, தண்ணி லாரிக்கு குடத்தோட நிக்கற கிராமத்துக்கே ஃபீல்டுக்கு அனுப்புவாங்க, நீ கேக்கற கடைசி வீட்டுக் கேள்விய அங்க தினமும் கேக்கலாம். கொஞ்சம் மராத்தி கத்துக்கோ, இல்லாட்டி கிராமத்துல பாட்டிங்க சொல்றது பாதி போயிடும்.

வேலைக்கு வந்தா, இன்ஜினியரிங் மாதிரி முதல் மாசமே பெரிய சம்பளம் வராது, வரும்னு யாராவது சொன்னா நம்பாத. ஆனா வேலை இருக்கு. 2013 கம்பெனி சட்டத்துல பெரிய கம்பெனிங்க லாபத்துல 2 சதவீதம் சமூகப் பணிக்கு செலவு பண்ணனும்னு வந்ததுல இருந்து அந்தப் பக்கம் ஆள் எடுக்கறாங்க, கிராம வேலைத் திட்டத்துல சோஷியல் ஆடிட் (வேலையும் செலவும் சரியா நடந்துச்சான்னு ஊர் மக்களோட சேர்ந்து சரிபாக்கறது), வாழ்வாதார இயக்கம், ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கு. நம்ம ஸ்டேட்ல 2022ல அரசுத் திட்டங்கள்ல வேலை செய்ய இளைஞர்கள எடுக்கற முதலமைச்சர் புத்தாய்வுத் திட்டம் ஆரம்பிச்சாங்க, ஃபர்ஸ்ட் கிளாஸ் எம்ஏ வச்சிருக்கறவங்களும் அப்ளை பண்ணலாம்னு இருந்துச்சு. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு தான் தவணை ஆரம்பிக்கும், நாலு லட்சம்னா சமாளிக்கலாம், அதே பதினஞ்சு லட்சம்னா நானே வேணாம்னு சொல்லிருப்பேன். பெங்களூர்ல உத்யான் எக்ஸ்பிரஸ் ஏறி சோலாப்பூர்ல இறங்கு, அங்கருந்து பஸ், 45 கிலோமீட்டர்.

நீலச்சட்டை:
அக்கா நீங்க எஸ்சி எஸ்டியா இருந்து வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள இருந்தா முதல்ல போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் பாருங்க, லோன் அப்புறம். பணம் வந்து சேர்ற வரைக்கும் ஃபீஸ் கட்ட டைம் தருவாங்களான்னு காலேஜ் ஆபீஸுக்கு மெயில் போட்டு எழுத்துல வாங்குங்க. ஸ்காலர்ஷிப் பசங்களுக்கு குடுத்துட்டிருந்த ஃபீஸ் உதவிய நிறுத்தினதுக்காக 2018ல டாடா இன்ஸ்டிடியூட்டோட நாலு கேம்பஸ்லயும் பசங்க ஸ்ட்ரைக் பண்ணாங்க, அதனால இத வாய்வார்த்தையா விட்றாதீங்க.

தகடூர்ப்பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நான் எம்பிசி, அதனால அந்த ஸ்காலர்ஷிப் வராது. போர்ட்டல்ல போட்டுட்டேன், நம்பர் வந்துச்சு, அத காட்டினதும் மேனேஜர் உக்கார வச்சு பேசினாரு, அட்மிஷன் லெட்டரும் ஃபீஸ் விவரமும் காலேஜ் லெட்டர்பேட்ல கேக்கறாரு. எங்க வருமானச் சான்று போன வருஷத்தோடது, அது போதுமா ஐயா?

ரிட்டயர்ட் பேங்க்காரர்:
ஒரு வருஷம் தாண்டியிருந்தா எடுத்துக்க மாட்டாங்கம்மா. இன்னைக்கே இ-சேவைல புதுசுக்கு போட்டுடு, விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு மூணு மேசை தாண்டணும், ஒவ்வொரு மேசையிலயும் நீயே போய் நில்லு. அப்பா பேர்ல பழைய பயிர்க்கடன் பாக்கி ஏதாவது இருந்தா அம்மாவ கூட்டு விண்ணப்பதாரரா போடு.