பெக் குழாயில் சாப்பிடும் அம்மாவுக்குப் பேதி: பெப்டைட் பவுடருக்கு மாறித்தான் ஆகணுமா?

திருமங்கலத்தான்:
அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து விழுங்க முடியாது. முதலில் மூக்குக் குழாய், அப்புறம் பெக் குழாய், அதாவது வயிற்றில் துளை போட்டு நேராக இரைப்பைக்குள் விடும் குழாய், வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எடை 48 கிலோ. தினமும் 6 வேளை, வேளைக்கு 200 மில்லி, குழாயில் கொடுக்கும் சத்துப் பவுடர் கலக்கி சிரிஞ்சில் கொடுக்கிறோம். இப்போது கொஞ்ச நாளாகத் தண்ணீராகப் பேதி. பார்த்துக்கொள்ள வரும் அக்கா "நீர்க்கக் கலக்கினா நிக்கும்" என்றதால் பவுடரைப் பாதியாக்கிவிட்டோம், கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, ஆனால் நிற்கவில்லை, தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு வருகிறது. டாக்டர் பெப்டைட் பவுடர் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். விலை இப்போதையதைவிட இரண்டு மடங்குக்கு மேல். பெரியம்மாவோ "இம்புட்டுக் காசக் கொட்டுறதுக்குக் கேப்பக் கஞ்சி ஊத்துங்கடா" என்கிறார். வீட்டில் பெப்டைட் கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, வித்தியாசம் தெரிந்ததா?

மேலூர் மகன்:
எங்கள் அப்பாவுக்குக் கொடுத்தோம், நன்றாகவே தெரிந்தது. ஆனால் அவருக்குக் கணையமே கெட்டுப்போயிருந்தது, சாதா பவுடர் செரிக்காமல் எண்ணெய் மிதக்க மிதக்கப் போகும். பெப்டைட் பவுடரில் புரதத்தை முன்கூட்டியே சின்னத் துண்டுகளாக உடைத்திருப்பார்கள், கொழுப்பிலும் ஒரு பகுதி எம்சிடி, அதாவது கணைய நீரும் பித்தமும் அதிகம் இல்லாமலே உறிஞ்சிக்கொள்ளும் வகை. கணையம், குடல் அறுவை சிகிச்சை, குடலே சரியாக உறிஞ்சாத நிலை, இவர்களுக்கு அது வேலை செய்யும். உங்கள் அம்மாவுக்குக் கெட்டது விழுங்கும் சக்திதான், குடல் இல்லையே? அப்படியானால் காசு கொடுக்கும் முன் வேறு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். வாடை வேறு கொஞ்சம் கசப்பாக அடிக்கும்.

வார்டு அக்கா:
தம்பி, முதலில் அந்தப் பாதிப் பவுடரைப் பற்றிப் பேசுவோம். 48 கிலோவுக்கு, கிலோவுக்கு 25–30 கலோரி என்று வைத்தால் 1,200 முதல் 1,440 வரை வேண்டும். சாதாரணமாக மில்லிக்கு ஒரு கலோரி வருகிற மாதிரிதான் கலக்கச் சொல்வார்கள், 1,200 மில்லிக்கு 1,200 கலோரி. பாதியாக்கினால் 600. எலும்பு துருத்தாமல் என்ன செய்யும்? அதற்காக நாளைக்கே முழுசாக ஏற்றிவிடவும் கூடாது. நாள்கணக்கில் குறைவாகப் போன உடம்புக்குத் திடீரென்று கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் சட்டென்று இறங்கும், அது ஆபத்து. டாக்டரிடம் சொல்லி, ரத்தம் பார்த்துவிட்டுப் படிப்படியாக ஏற்றுங்கள்.

பேதிக்கு வீட்டில் நான் முதலில் பார்ப்பது மருந்துகளைத்தான், பவுடரை அப்புறம். என்னென்ன சிரப் போகிறது? நிறைய சிரப்புகளில் சார்பிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அதுவே பேதியைக் கிளப்பும். சமீபத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் மலப் பரிசோதனை அவசியம்.

அடுத்தது வேகம். சிரிஞ்சில் பிஸ்டனை வைத்து அழுத்தாதீர்கள், பிஸ்டனைக் கழற்றிவிட்டுச் சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தால் தானாக இறங்கும், 200 மில்லிக்கு 20–30 நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஜில்லென்று ஊற்றாதீர்கள். தலைமாட்டை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தி, முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும்.

அப்புறம் நம்மூர் வெயில்! சித்திரை மாதத்தில் மதுரையில் காலையில் கலக்கியதை மதியம் வரைக்கும் மேசையில் வைத்திருந்து கொடுத்தால் எந்த வயிறும் தாங்காது. கலக்கியது வெளியில் 4 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பொது விதி, நான் அவ்வேளைக்கானதை அவ்வேளைதான் கலக்கச் சொல்வேன். ஆறவைத்த கொதித்த நீர், கை கழுவல், சிரிஞ்சைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தல். இவ்வளவும் சரியாகியும் நிற்கவில்லை என்றால் டாக்டர் சொன்ன மாதிரி பெப்டைட் போடுங்கள், அப்போது அது நியாயமான செலவு.

உசிலம்பட்டி அய்யாச்சாமி:
எங்க அய்யாவுக்கு இரண்டு வருசம் கஞ்சிதான், ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம்.

வார்டு அக்கா:
கஞ்சி கெட்டது என்று யார் சொன்னது அண்ணே. குழாயில் இறங்க வேண்டுமென்று வடிகட்டித் தளர்த்தினால் முக்கால்வாசி தண்ணீர், புரதமும் எட்டாது, அதுதான் பிரச்சினை. பவுடரோடு ஒரு வேளை வேண்டுமானால் டயட்டீஷியனைக் கேட்டுச் சேர்க்கலாம். திப்பி நின்றால் குழாய் அடைத்துக்கொள்ளும், அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

திருமங்கலத்தான்:
மருந்துச் சீட்டைப் பார்த்தேன் அக்கா. பாரசிட்டமால் சிரப், வலிப்புக்கு ஃபெனிடோயின் சிரப், அப்புறம் ஆஸ்பத்திரியில் மலச்சிக்கல் என்று எழுதிய லாக்டுலோஸ், தினமும் இரண்டு வேளை.

வார்டு அக்கா:
லாக்டுலோஸ் இளக்கும் மருந்து, பேதியாகிறபோது அது எதற்கு! இன்றைக்கே டாக்டருக்கு போன் போட்டு நிறுத்தலாமா என்று கேளுங்கள். பாரசிட்டமாலை மாத்திரையாகப் பொடித்துக் கொடுக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஃபெனிடோயினை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஆனால் அது கலக்கிய பவுடரோடு சேர்ந்து போனால் உடம்பில் சரியாக ஏறாது. பொதுவாக மருந்துக்கு முன்னும் பின்னும் ஒன்று இரண்டு மணி நேரம் குழாயில் உணவு கொடுக்காமல் விடுவார்கள். உங்கள் 6 வேளை நேரத்தை அதற்கேற்ப டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். எடை பார்க்கத் தோது இல்லை என்றால் மேல் கை நடுவில் டேப் வைத்து, எப்போதும் ஒரே கையில், வாரம் ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள். மலத்தில் ரத்தமோ காய்ச்சலோ இருந்தால், சிறுநீர் குறைந்தால், போனில் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரில் கூட்டிப் போய்விடுங்கள்.