பெண்கள் இயக்கங்கள் ஏன் கட்சியாவதில்லை?

கேள்வி (திருத்துறைப்பூண்டி): மதுக்கடையை மூடக் கோரி, நடவு வயலிலிருந்து சேற்றுக் காலோடு மறியலுக்கு வந்த எங்கள் ஊர்ப் பெண்கள், தேர்தல் வந்ததும் ஆளுக்கொரு கொடியின்கீழ்ப் பிரிந்துபோனது மனத்தை வருத்துகிறது. இவர்கள் தமக்கென ஒரு கட்சி தொடங்காதது ஏன்?

பதில் (மன்னார்குடி): தொகுதியில் அதிக வாக்குப் பெறுபவரே வெல்லும் நம் முறையில், எங்கும் பரவியிருக்கும் பெண்களின் வாக்கு ஓரிடத்தில் குவிவதில்லை. கட்சி பெறும் வாக்கு விகிதத்துக்கேற்ப இடங்கள் தரும் விகிதாசார முறையுள்ள ஐஸ்லாந்தில் மகளிர் கட்சி 1983இல் 3 இடங்களையும் 1987இல் 6 இடங்களையும் பெற்றது. வட அயர்லாந்தில் 1996இல் தோன்றிய மகளிர் கூட்டணி, அமைதிப் பேச்சில் பங்கேற்றபோதும், 2006இல் கலைந்தது.

பதில் (நாகப்பட்டினம்): தேர்தல் முறை மட்டுமே காரணம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கூலியும் நிலமும் சாதியும் இங்கே ஒரே முடிச்சு. கூலி உயர்வுப் போராட்டத்தின்போது வெண்மணியில் 1968இல் எரித்துக் கொல்லப்பட்ட 44 தலித் உழவுத் தொழிலாளர் குடும்பத்தினரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. மிராசுதார் வீட்டுப் பெண்ணும் அவர் வயலில் நாற்று நடும் பெண்ணும் ஒரே கட்சியில் இருந்தால், அதன் அறிக்கையில் நடவுக்கூலி எவ்வளவு என்று எழுதுவார்கள்? தஞ்சைப் பகுதியின் பொதுவுடைமை இயக்கத் தலைவர் மணலூர் மணியம்மையார் மகளிர் கட்சி தொடங்காமல், செங்கொடியின்கீழ்க் கூலி உழவர்களைத் திரட்டியதும் இதனால்தான் என்று கருதுகிறேன்.

கேட்டவர்: நன்றி. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் தர 2016இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னும், ஓர் ஊராட்சியில் தலைவியின் நாற்காலியில் கணவர் அமர்ந்து தீர்மானப் புத்தகத்தைப் புரட்டுவதை நேரில் கண்டேன். மறியலுக்கு வந்தவர்களிடம் முதலில் அதைப் பற்றியே பேசப்போகிறேன்.